செத்தேன் கடை றுக்கியா

திருகோணமலை உட்துறைமுக வீதிக்கு வந்து, "செத்தேன் கடை எது?" என்று கேட்டால் உள்ளூர்க்காரர் யாரும் சிரிக்க மாட்டார்கள். கையை நீட்டிக் காட்டிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். வலை விற்கும் கடைக்கும் ஐஸ் உடைக்கும் கொட்டிலுக்கும் நடுவில் உள்ள நீளக் கட்டடம் அது. பலகையில் 'பஹ்ர் ஸ்டோர்ஸ்' என்று வடிவாகத்தான் எழுதியிருக்கிறது. எழுதுவித்த அஸீம் ஹாஜியாரைத் தவிர வேறு யாரும் அதை வாசித்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பெயர் வந்த விதம் இதுதான். டீசல் கெட்டுப்போய் வந்த காலம். விடியற்புறம் வள்ளக்காரர் எஞ்சினைத் தட்டினால் அது இருமும், வெள்ளைப் புகை கக்கும், பற்றாது. தம்பலகாமத்து உழவு மெசின்களுக்கும் அதே நோய். அஸீம் ஹாஜியார் கொழும்பிலிருந்து ஒரு மருந்து இறக்கினார். மஞ்சள் படிந்த எண்ணெய் போன்ற சாமான். டீசலில் ஒரு மூடி விட்டால் போதும், எஞ்சின் முதல் தட்டிலேயே பிடிக்கும். பீப்பாயில் எத்தில் ஹெக்ஸில் நைட்ரேட் என்று வாய்க்குள் அடங்காத ஒரு பெயர் இருந்தது. முதல் பீப்பாயை லொறியிலிருந்து உருட்டி இறக்கியவர் சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த கடையாள் தங்கத்துரை.

"என்ன சாமான் ஹாஜியார் இது?"

"சீட்டேன் கூட்டுற மருந்து. சீட்டேன் கூடினா டீசல் கெதியாப் பத்தும்."

அந்த நேரம் பார்த்துப் பீப்பாயின் விளிம்பு அவருடைய பெருவிரலில் ஏறிவிட்டது. "ஐயோ, செத்தேன்!" என்று கத்தினார் தங்கத்துரை. அன்று தொட்டு மருந்துக்கும் அதுதான் பெயர், கடைக்கும் அதுதான் பெயர். ஹாஜியார் கொஞ்ச நாள் திருத்திப் பார்த்தார். பிறகு அவரும் தொலைபேசியில், "ஓம், செத்தேன் இரிக்கி, வாங்க" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

அந்தக் கடையின் பின்பக்கத்தில், பீப்பாய்களுக்கு நடுவே ஒரு வாங்குப் பலகையில் குந்தியிருந்து மருந்தைப் போத்தலில் அடைப்பவள் றுக்கியா. கைப்பம்பியால் இறைத்து, புனல் வைத்து ஊற்றி, மூடி இறுக்கி, துணியால் துடைத்து அடுக்க வேண்டும். றப்பர் கையுறை கொடுத்திருந்தார்கள். அது போட்டால் மூடி வழுக்குகிறது என்று அவள் கழற்றி வைத்துவிட்டாள். மருந்துக்கு ஒரு வாசம் உண்டு. பழுத்து வெடித்த அன்னமுன்னாப் பழத்தை மண்ணெண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்த மாதிரி, இனிப்பும் காட்டமும் கலந்த வாசம். தலைமயிரிலும் சட்டையிலும் நகக்கண்ணிலும் ஏறிவிடும். பேருந்தில் அவளுக்குப் பக்கத்துச் சீற் எப்போதும் வெறுமையாகவே இருக்கும். அவள் அதைக் கவனிக்காத மாதிரி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவாள்.

றுக்கியா பிறந்தது மூதூரில், கடற்கரைப் பக்கம். அவர்கள் பக்கத்து வழக்கத்தில் பெண் கொடுப்பவர்கள்தான் வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவான். றுக்கியாவுக்கும் அவளுடைய உம்மா அப்படி ஒரு வீடு கொடுத்திருந்தாள், கடலைப் பார்த்த வாசலோடு. சுனாமி வந்த காலையில் அந்த வாசல் வழியாகவே கடல் உள்ளே வந்து, போகும்போது சுவர்களையும் கொண்டுபோனது. புருசன் சாலிஹும் அவளும் கைப்பிள்ளையும் தப்பினார்கள். அவர் பிறகு வந்த ஒரு மாரியில் நெஞ்சடைத்துப் போனார். கைப்பிள்ளையாக இருந்த ஷிஃபானா வளர்ந்து கலியாண வயதுக்கு வந்தபோது கொடுப்பதற்கு வீடு இல்லை.

கிண்ணியாவிலிருந்து ஆமினா உம்மா வந்தது அப்போதுதான். றுக்கியாவின் வாப்பாவும் ஆமினா உம்மாவின் உம்மாவும் ராத்தா தங்கச்சி பிள்ளைகள். அப்படிப் பார்த்தால் இவர்கள் இருவரும் மச்சி முறை. ஆனால் இவள் மூதூரில், அவள் கிண்ணியாவில், நடுவில் தண்ணீர். மையித்து வீட்டிலும் கலியாண வீட்டிலும் பார்த்துச் சலாம் சொல்லிக்கொள்வதோடு சரி. அந்த ஆமினா உம்மா தன் மகன் றுவைஸுக்குப் பெண் கேட்டு வந்து, அவர்கள் இருந்த வாடகை வீட்டின் நடுவில் குந்தியிருந்து சத்தமாகச் சொன்னாள்:

"வீட்டைக் கடல் கொண்டுபோனா அவள் என்ன செய்வாள்? கடலிட்டயா போய்க் கேக்கிற? புள்ள என்ட ஊட்டில இருக்கட்டும்."

நல்ல மனுசி. குரல்தான் ஊருக்கே கேட்கும். கலியாணம் நடந்தது. பெண், மாப்பிள்ளை வீட்டுக்குப் போனாள். தலைகீழாக நடந்த கலியாணம் என்று ஊரில் கொஞ்சம் கதைத்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். றுக்கியாதான் விடவில்லை. வீடு கொடுத்த உம்மாவென்றால் மகள் வீட்டில் குசினி வரைக்கும் உரிமையோடு போவாள். கொடுக்காதவள் விருந்தாளி. அவள் அந்த வீட்டில் கதிரையின் ஓரத்தில்தான் இருப்பாள்.

கலியாண நேரத்தில் எங்கே வேலை என்று சம்மந்தி வீட்டார் கேட்டதற்கு, "எஞ்சின் மருந்துக் கடையில" என்றாள். நிக்காஹ் நடக்கப்போகும் வீட்டில் 'செத்தேன்' என்ற சொல்லை எப்படி எடுப்பது? அதனால் கிண்ணியாவில் யாருக்கும் அந்தச் சொல் தெரியாது.

நகரத்தில் ஜமாலியாப் பக்கம், ஒரு வீட்டின் பின்னால் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து அவள் தனியே இருந்தாள். கிழமை முழுவதும் கடை, அறை, கடை, அறை. வியாழன் பகலோடு கடையைப் பூட்டினால் சனி காலைதான் திறப்பார்கள். வியாழன் கடை பூட்டியதும் சட்டைக்கு மேல் அபாயாவைப் போட்டுக்கொண்டு நேரே பேருந்து ஏறுவாள். சீனக்குடா தாண்டி, பாலம் ஏறும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் விரிந்து வரும். அந்த இடத்தில் அவளுக்கு முகம் கொஞ்சம் மலரும். வெள்ளிக்கிழமை முழுவதும் மகள் வீடு. கிழமையில் அவளோடு யாராவது ஆறுதலாக இருந்து கதைக்கிற நாள் அது ஒன்றுதான்.

பேரன் றுமைஸ் பிறந்த பிறகு அந்த நாள் இன்னும் பெரிதாகிவிட்டது. மருமகன் றுவைஸ் கடலுக்குப் போகாத நாட்களில் வீட்டின் பின்பக்கத்தில் கல் அடுக்கி ஓர் அறை கட்டினான். சுவர் எழும்பியது, கூரை மட்டும் மிச்சம். "மாமிக்குத்தான்," என்றான். "இனி அங்கயும் இங்கயும் அலைய வேணாம். இங்கயே வந்து இருங்க." அன்று தொட்டு றுக்கியா வரும்போதெல்லாம் முதலில் பின்பக்கம் போய், கூரையில்லாத அந்தச் சுவர்களுக்கு நடுவில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு வருவாள்.

கடையில் விற்பனை கூடி, அடைக்கிற போத்தல்களும் கூடிய இந்த நேரத்தில்தான் தலையிடி தொடங்கியது. சாதாரண இடி இல்லை. இரண்டு நெற்றிப்பொட்டிலும் யாரோ உலக்கை போடுகிற மாதிரி, நெஞ்சு அடிக்கிற கணக்குக்குத் தலையும் அடிக்கும். எழும்பி நின்றால் உலகம் சாயும். அது வருவது சனிக்கிழமையில். ஞாயிறு குறையும், திங்கள் இருக்காது. அடுத்த சனி மறுபடியும்.

ஒரு மனுசி சனிக்கிழமை சனிக்கிழமையாகத் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தால் என்ன நினைப்பாள்? முதல் நாள் என்ன நடந்தது என்று நினைப்பாள். முதல் நாள் வெள்ளி. மகள் வீடு. அங்கே என்ன நடந்தது? அவள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருக்க, ஆமினா உம்மா வாசலில் நின்று, "என்ன மச்சி, உங்கட தலையில ஒரு நரை இல்லியே! எங்களைப் பாருங்க, பஞ்சு மாதிரி!" என்று சொன்னாள். சொன்னவள் 'மாஷா அல்லாஹ்' சொல்லவில்லை. ஒருவரைப் புகழ்ந்தால் அந்தச் சொல்லைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் கண்ணூறு விழும். பார்த்தது தலைமயிரை. இடிப்பது தலை. இதைவிட என்ன வேண்டும்? றுக்கியா பள்ளி லெப்பையிடம் தண்ணீர் ஓதுவித்துக் குடித்தாள். ஞாயிறு குறைந்தது. ஓதிய தண்ணீர்தான் குறைத்தது என்று அவள் நினைப்பு இன்னும் உறுதியானது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் காது ஒரு சொல்லுக்காகவே திறந்திருந்தது. ஆமினா உம்மா சோறு போடும்போது, "நல்லாச் சாப்பிடுங்க" என்பாள். மாஷா அல்லாஹ் இல்லை. "கைக்கு மருதோன்றி வடிவா சிவந்திரிக்கி" என்பாள். இல்லை. சொல்ல மறந்துபோகிற வாய் அது, அவ்வளவுதான். றுக்கியாவுக்கு ஒவ்வொன்றும் ஓர் ஊசி.

மாரி தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு சாப்பிட்டு முடிந்த நேரம். றுக்கியாவின் மடியில் பேரன் கண் சொருகிக் கிடந்தான். முதல் நாள் வந்த சட்டையைத்தான் அவள் போட்டிருந்தாள்.

"பாருங்க, உம்மம்மாட மடியெண்டா உடன நித்திரை," என்றாள் றுக்கியா.

ஆமினா உம்மா பிள்ளையைக் குனிந்து பார்த்தாள். "நித்திரையில்ல மச்சி. சோர்றான். நீங்க வந்து தூக்கினாலே புள்ள இப்பிடித்தான் துவண்டு போறான். போன கிழமையும் சத்தியெடுத்தவன். நான் சொல்லக்கூடாதெண்டுதான் இருந்தன்."

றுக்கியாவின் முகம் வெளிறிவிட்டது. "என்ன சொல்றீங்க? என்ட கண்ணா புள்ளைக்கு?"

"நான் கண்ணெண்டு சொன்னனா?"

"சொல்லத் தேவையில்ல. நானும் சொல்லக்கூடாதெண்டுதான் இருந்தன். இந்த ஊட்டுக்கு வந்திட்டுப் போனா அடுத்த நாள் எனக்கு மண்டை வெடிக்கிது. ஒவ்வொரு சனியும். இந்த ஊட்டில ஒரு கண் இரிக்கி."

ஷிஃபானா, "உம்மா!" என்றாள். ஆமினா உம்மா கையில் சோற்றுக் கரண்டியோடு நின்றாள். எப்போதும் ஊருக்குக் கேட்கிற குரல், அன்று பக்கத்தில் நின்றவருக்கே கேட்கவில்லை.

"ஆருட கண், மச்சி?"

றுக்கியா பிள்ளையை மகளின் கையில் கொடுத்துவிட்டு அபாயாவை எடுத்துப் போட்டாள். வாசலில் செருப்பைத் தேடும்போது, "அந்த அறையில விறகு அடுக்குங்க. நான் வரமாட்டன்," என்று சொல்லிவிட்டு நடந்தாள். பாலத்தில் பேருந்து ஏறியபோது அவள் யன்னல் பக்கம் பார்க்கவில்லை.

அடுத்த வியாழன் கடை பூட்டியது. அவள் கால் பேருந்து நிலையத்துக்குத் திரும்பியது. அதைத் திருப்பி அறைக்குக் கொண்டுவந்தாள்.

வெள்ளிக்கிழமை ஒரு மனுசிக்கு இவ்வளவு நீளமாக இருக்கும் என்று அவள் அதுவரை அறியவில்லை. முன்வீட்டுச் சனங்கள் புத்தளத்துக்கு உறவு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மழை தூறிக்கொண்டே இருந்ததால் கதவும் யன்னலும் சாத்தியிருந்தன. வேலைச் சட்டை உள்ளே கொடியில் தொங்கியது. ஒரு சுண்டு அரிசி போட்டாள், அது அவளுக்கே கூடிவிட்டது. பீங்கானில் கை படுகிற சத்தம் கேட்டது. அவள் சாப்பிடுகிற சத்தம் அவளுக்கே கேட்டது. பள்ளியில் பாங்கு சொன்னார்கள், குத்பா ஓதினார்கள், தெருவில் செருப்புச் சத்தம் போய் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. தொலைபேசியை எடுத்துப் பார்த்தாள், வைத்தாள். ஷிஃபானா அழைத்திருக்கவில்லை. அழைத்தாலும் என்ன கதைப்பது? பின்னேரம் போல, "தேத்தண்ணி வைப்பமா?" என்று வாய்விட்டுக் கேட்டாள். கேட்டது யாரிடம் என்று தெரியாமல், ஒரு கோப்பைக்கு மட்டும் தண்ணீர் வைத்தாள்.

ஒரேயொரு ஆறுதல்: நாளைக்குத் தலை இடிக்காது. போகவில்லை, பார்க்கவில்லை, யாரும் புகழவில்லை.

சனிக்கிழமை காலை கடைக்குப் போய், பம்பியைப் பிடித்து, போத்தல்களில் அரைவாசி கூட அடைக்கவில்லை. இடி வந்துவிட்டது. எப்போதும் வருவதைவிடக் கூடவே வந்தது. அவள் பொட்டை அழுத்திக்கொண்டு வாங்கில் சாய்ந்தாள்.

தங்கத்துரை பீப்பாய் உருட்ட வந்தவர் பார்த்துவிட்டு நின்றார். "என்ன தங்கச்சி, இண்டைக்குச் சனியோ?"

"ஓம் அண்ணன். அதே இடி."

"நேற்று மகள் வீட்டுச் சாப்பாடு கூடிப்போச்சாக்கும்."

"போகல்ல அண்ணன். அறையிலதான் இருந்தன்."

"போகேல்லையோ?" அவர் தலையைச் சொறிந்தார். "பிறகென்னத்துக்கு இடிக்குது? நீ மகள் வீட்டுக் கண்ணூறெண்டெல்லோ சொன்னனீ. அங்க போகாமலே இங்க வந்து அடிக்குதோ? நல்ல நீளக் கண்தான்."

அவள் சிரிக்கவில்லை. அவர் பீப்பாயில் கையை ஊன்றிக்கொண்டு தன் பாட்டில் சொன்னார்: "எனக்கும் இப்பிடித்தான். வேலை செய்யேக்க ஒண்டுமில்லை. கோயில் திருவிழாவுக்கு லீவில நிண்டிட்டு வந்து மூடியத் திறந்தனெண்டால் அண்டைக்கு மண்டையில தவில்தான். ரெண்டு நாள் போனால் பழகிடும். பழகின உடம்பு செத்தேனை மறந்திட்டு வந்தால், செத்தேன் விடாது, அடிக்கும். இதென்ன புதினமோ?"

"இத ஏன் அண்ணன் எனக்கு முன்னமே சொல்லல்ல?"

"நீ கண்ணூறெண்டு சொன்னனீ. அது உங்கட வீட்டு விசயம். நான் என்னெண்டு இடையில பூருவன்?"

றுக்கியா எழும்பி நின்றாள். உலகம் சாய்ந்தது. கை பட்டு நிரம்பிய புனல் கவிழ்ந்து, மருந்து சட்டை முன்பக்கம் முழுவதும் கொட்டிவிட்டது. அவளுக்கு அது கூடத் தெரியவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையாக அவள் பின்னுக்குப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். வியாழன் பகலிலிருந்து மருந்தில்லை. சனி காலை மருந்து. நடுவில் வெள்ளி. அந்த வெள்ளியில் ஆமினா உம்மா இருந்தாள், அவ்வளவுதான். அவள் இல்லாத வெள்ளியிலும் இடி வந்துவிட்டதே. பிறகு அவளுக்குப் பேரனின் சொருகிய கண் நினைவுக்கு வந்தது. அவள் வியாழன் போவது இந்தச் சட்டையோடுதான்.

ஹாஜியார் அவளைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார். அறைக்கு வந்து சட்டையை மாற்றி, நனைந்ததைக் கொடியில் போட்டுவிட்டு, மழைக்குக் கதவைச் சாத்தினாள். தலையில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு மகளுக்குத் தொலைபேசி எடுத்தாள். மகள் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டு நின்றாள். எடுத்தது ஆமினா உம்மா.

அந்தக் குரலைக் கேட்டதும் றுக்கியா தொலைபேசியை இரண்டு கையாலும் காதோடு அழுத்தினாள். சொல்ல வேண்டியது நிறைய. மழையில் தொலைபேசி கரகரத்தது. பற்றரி வேறு சாகிற நிலையில் இருந்தது.

"மச்சி..."

"ஆரு? றுக்கியாவா? கேக்குதில்ல!"

"மச்சி, உங்கட கண்ணில்ல மச்சி... செத்தேன்... செத்தேன்தான் மச்சி... என்னை மன்னிச்சு..."

அதோடு தொலைபேசி அணைந்துவிட்டது.

கிண்ணியாவில் ஆமினா உம்மா அந்தக் கருவியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். 'மச்சி, செத்தேன், மன்னிச்சு.' இதற்கு மேல் ஒரு மனுசி என்ன சொல்ல வேண்டும்? றுவைஸ் கடலில். ஷிஃபானாவிடம் சொன்னால் அவள் பிள்ளையோடு விழுந்து புரளுவாள். "கடைப் பக்கம் போயிட்டு வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வீட்டுச் சட்டைக்கு மேல் முக்காட்டை இழுத்துப் போட்டு, மழையில் ஓடிப்போய் ஓட்டோ பிடித்தாள். நெஞ்சு வருத்தக்காரி. கிளினிக்கில் கொடுத்த, நாக்குக்குக் கீழ் வைக்கிற குளிசைப் போத்தலைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பாலம் தாண்டும் வரைக்கும் மையித்துக்கு ஓதுகிற யாஸீனை ஓதிக்கொண்டே வந்தாளாம். ஓட்டோக்காரர் பிறகு சொல்லித்தான் தெரியும்.

ஜமாலியாவில் அந்த அறைக் கதவை அவள் தட்டவில்லை, தள்ளினாள். உள்ளே இருட்டு. கட்டிலில் தலைக்கு வெள்ளைத் துணி கட்டிய ஓர் உருவம் கிடந்தது.

"யா அல்லாஹ்! றுக்கியா!"

உருவம் எழும்பி உட்கார்ந்தது. ஆமினா உம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ உசிரோடயா இரிக்கா? செத்தேனெண்டு சொன்னியேடி!"

சம்மந்திமாருக்குள் 'நீங்கள்' என்பதுதான் வழக்கம். அதுவரைக்கும் இவர்களும் வேறு விதமாகக் கதைத்ததில்லை. அந்த 'நீ' றுக்கியாவின் காதில் விழுந்ததும், அவள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். அழுகைக்கு நடுவில் சொன்னாள், அது சாவு இல்லை, மருந்தின் பெயர் என்று. தங்கத்துரையின் பெருவிரலில் தொடங்கி, வெள்ளிக்கிழமை தனியே இருந்தது வரை எல்லாம் சொன்னாள். ஆமினா உம்மா கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து கேட்டாள். முதலில் திட்டினாள். பிறகு சிரித்தாள். "செத்தேனாம்! பேர் வைச்சவன்ட வாயில மண்!" என்றாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் குறைந்தது. கையைத் தூக்கிப் பொட்டில் வைத்தாள்.

"என்ன மச்சி?"

"இடிக்கிது."

"உங்களுக்குமா?"

"பொறு." ஆமினா உம்மா கண்ணை மூடி, எதையோ ருசி பார்ப்பவள் மாதிரி இருந்தாள். "இந்த இடி எனக்குத் தெரியும்டி. இது குளிசை இடி. நெஞ்சு நோகக்குள்ள நாக்குக்குக் கீழ வைச்சா, நெஞ்சு விடும், தலை பிடிக்கும். இதே உலக்கை, இதே பொட்டு. நரம்பை விரிக்கிற சாமான், இடிக்கத்தான் செய்யும், பயப்பட வேணாமெண்டு டொக்டர் சொன்னவர்."

"வாற வழியில குளிசை வைச்சீங்களாக்கும்."

ஆமினா உம்மா கையை விரித்துக் காட்டினாள். அது புதுப் போத்தல். மூடியில் ஒட்டிய கடதாசி கூடக் கிழியவில்லை. இருவரும் அந்தப் போத்தலைப் பார்த்தார்கள். பிறகு ஆமினா உம்மாவின் தலை மெல்லத் திரும்பி, கொடியில் தொங்கிய ஈரச் சட்டையில் நின்றது.

"இதோடயா நீ என்ட பேரனை மடியில வைச்சா?"

றுக்கியா தலையைக் குனிந்தாள்.

ஆமினா உம்மா எழும்பிக் கதவையும் யன்னலையும் அகலத் திறந்தாள். மூலையில் இருந்த விளக்குமாற்றை எடுத்து, அதன் காம்பால் சட்டையை ஒரு பாம்பைத் தூக்குகிற மாதிரித் தூக்கி, மழைக்குள் கொண்டுபோய் வேலியில் போட்டாள். திரும்பி வந்து, பொட்டைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் குந்தினாள்.

"உன்ட ஊட்டுக்கு வந்து எனக்குத் தலையிடி. இப்ப ஆருட கண்ணெண்டு நான் சொல்லட்டா?"

றுக்கியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"வா, இப்பவே போவம். ஓட்டோ நிக்கிது."

"ஏலாது மச்சி. என்ட தலை, மயிர், மேலெல்லாம் அதான். புள்ளைக்கு ஆகாது. வியாழன் வாறன்."

"வேலைய விட்டா என்ன?"

"விட்டிட்டு?" என்றாள் றுக்கியா. "வீடும் குடுக்காம வந்து, கையும் காலும் மடக்கிக்கொண்டு உங்கட ஊட்டில இருக்கவா?"

ஆமினா உம்மாவும் அந்த வழக்கத்தில் வளர்ந்தவள்தான். கொஞ்சம் காற்றில் இருந்து தலை விட்டதும், மஃரிபுக்கு முன் போக வேண்டும் என்று எழும்பி ஓட்டோவில் ஏறினாள்.

சத்தம் போனதும் அறை பெரிதாகிவிட்டது. திறந்த யன்னலால் மழை வாசம் வந்தது. றுக்கியா மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். அன்னமுன்னாப் பழ வாசம் இல்லை. இத்தனை காலம் ஒவ்வொரு நாளும் அவளோடு கூட வீட்டுக்கு வந்தது அது ஒன்றுதான். வெளியே வேலியில் அந்தச் சட்டை கையை விரித்தபடி நனைந்துகொண்டிருந்தது. அதை உள்ளே எடுக்க வேண்டும் போல அவளுக்கு ஒரு கணம் கை எழுந்தது.

வியாழன் வந்தது. இந்த முறை மகள் வீட்டு முன்வாசலால் அவள் போகவில்லை. பிள்ளை தவழ்ந்து வந்துவிடுவான் என்று பயந்து சுற்றிப் பின்பக்கம் போனாள். கிணற்றடியில் கூரையில்லாத அந்த அறையின் வெளிச்சுவரில் ஒரு புது ஆணி அடித்திருந்தது. பக்கத்தில் ஒரு கொடியில் தோய்த்து மடித்த சட்டையும் துவாயும் கிடந்தன, கல்லில் சவர்க்காரம். அறைக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு பக்கச் சுவர் முழுவதும் விறகு அடுக்கியிருந்தது. றுக்கியா கோபத்தில் சொன்னதை ஆமினா உம்மாவும் கோபத்தில் செய்துவிட்டாள். அரைவாசி விறகை வெளியே எடுத்துப் போட்டிருந்த அடையாளமும் தெரிந்தது.

"மாரி முடியத்தான் கூரை," என்று குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது. "நனைஞ்ச விறகு எரியுதில்ல. எல்லாம் உன்ட வேலை. முதல்ல குளி!"

குளித்து, மயிரை உலர்த்தி, வேலைச் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு அவள் உள்ளே போனாள். பேரன் அன்று மடியில் சோரவில்லை. நிமிர்ந்து இருந்து, அவள் தலைமயிரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான்.

"நல்லா இழுக்கிறான், மாஷா அல்லாஹ்," என்றாள் ஆமினா உம்மா. "மழை நல்லாப் பெய்யிது, மாஷா அல்லாஹ். கறிக்கு உப்புக் கூடிப்போச்சு, மாஷா அல்லாஹ். போதுமாடி?"

சனிக்கிழமை கடையில் பீப்பாயைத் திறந்ததும் இடி வந்தது. றுக்கியா பின்கதவைத் திறந்து காற்றை விட்டு, வழுக்கினால் வழுக்கட்டும் என்று கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"இண்டைக்கும் இடியோ தங்கச்சி?" என்றார் தங்கத்துரை.

"ஓம் அண்ணன்."

"மகள் வீட்ட போனனியோ?"

"போனன்," என்றாள். பொட்டை ஒரு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு அடுத்த போத்தலை எடுத்தாள். இன்னொரு வியாழன் வர இன்னும் நிறையப் போத்தல் அடைக்க இருந்தது.